கடவுச்சொல்லை மறப்பது குற்றமல்ல

சென்ற ஆண்டு ஜூலையில் என் கைப்பேசி தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து, அதோடு முடிந்துபோனது. புதியது வாங்கினேன். திங்கட்கிழமை காலை, முதல் பாடவேளை தொடங்குவதற்குள் வருகைப் பதிவைப் போட்டுவிடலாம் என்று செயலியைத் திறந்தேன். பயனர் பெயர் கேட்டது. அது நினைவிருந்தது. கடவுச்சொல் கேட்டது. போட்டேன். தவறு என்றது. முதல் எழுத்தைப் பெரிதாக்கிப் போட்டேன். தவறு. கடைசியில் ஒரு எண்ணைச் சேர்த்தேன். தவறு. நான்காம் முறை கணக்கே சிறிது நேரத்துக்குப் பூட்டிக்கொண்டது.

"வருகைப் பதிவு போட்டாச்சா டீச்சர்?" என்று தலைமை ஆசிரியர் வாசலில் நின்று கேட்டார். நாற்பது பிள்ளைகளும் என் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் பெயரும் எனக்குத் தெரியும். யார் வரவில்லை என்பதும் தெரியும். அதைப் பதிவு செய்ய மட்டும் வழியில்லை.

அன்று மாலை வீட்டில் ஒரு தாளை எடுத்து, எனக்கு இருக்கும் கணக்குகளை எல்லாம் எழுதிப் பார்த்தேன். எமிஸ், பள்ளிச் செயலி, களஞ்சியம், மணற்கேணி, தீக்‌ஷா, வருமான வரி, இரண்டு மின்னஞ்சல், வங்கி, டிஜிலாக்கர், மின்கட்டணம், ரயில் முன்பதிவு, எரிவாயு, மகனின் கல்லூரி விண்ணப்பம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. மொத்தம் 23. ஆனால் இத்தனைக்கும் என்னிடம் இருந்த கடவுச்சொற்கள் உண்மையில் இரண்டே இரண்டு. மகனின் பெயர், ஒரு குறியீடு, அவன் பிறந்த ஆண்டு என்பது ஒன்று. மகளுக்கும் அதே வாய்பாடு. எந்தத் தளமாவது மாற்றச் சொன்னால் கடைசியில் ஒரு 1 சேர்ப்பேன். அடுத்த முறை 2. எந்தத் தளத்தில் 1, எந்தத் தளத்தில் 2 என்பதுதான் அன்று காலை என்னை வகுப்பின் நடுவே நிறுத்தியது.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கும் இப்படி ஒரு வாய்பாடு இருக்கும் என்று நினைக்கிறேன். அதற்காக வெட்கப்பட வேண்டாம். 23 வேறுவேறு பொருளற்ற எழுத்துக்கோவைகளை மனப்பாடம் செய்ய மனித நினைவால் ஆகாது. பதிமூன்றாம் வாய்பாட்டையே மறக்கும் பிள்ளைகளை நாம் மன்னிக்கிறோம் அல்லவா? மறப்பது குற்றமல்ல. மறந்துவிடுவோமோ என்ற பயத்தில் நாம் செய்யும் காரியங்களில்தான் ஆபத்து இருக்கிறது. அதை நான் ஒரு குழந்தையின் கண்ணீரில்தான் கற்றுக்கொண்டேன்.

ஆய்வகக் கணினியில் நான் அழுத்திய பொத்தான்

கைப்பேசி போன அந்த வாரத்தில் ஒருநாள், மாணவர் விவரங்கள் உள்ள ஒரு தளத்தில் சில திருத்தங்களை அவசரமாகச் செய்ய வேண்டியிருந்தது. உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஒரு கணினியின் முன் உட்கார்ந்தேன். கடவுச்சொல்லைப் புதிதாக மாற்றியிருந்தேன். உள்ளே நுழைந்ததும் திரையின் மேல் மூலையில், இந்தக் கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று உலாவி கேட்டது. மறுபடியும் மறந்து தொலைத்தால் என்ன செய்வது என்ற எண்ணத்தில் சேமி என்று அழுத்தினேன். வேலை முடிந்ததும் மணி அடித்தது. சாளரத்தை மூடிவிட்டு வகுப்புக்கு ஓடினேன்.

அடுத்த வாரம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதே ஆய்வகத்துக்குப் போனார்கள். அந்தக் கணினியில் உட்கார்ந்த மாணவன் எதையோ தேடப் போய், அந்தத் தளத்தின் நுழைவுப் பக்கம் திறந்துகொண்டது. என் பயனர் பெயரும், கறுப்புப் புள்ளிகளாகக் கடவுச்சொல்லும் தாமாகவே நிரம்பியிருந்தன. அவன் நுழை என்பதை அழுத்தினான். அவ்வளவுதான். அவன் வகுப்பின் பட்டியல் அவன் கண்முன் விரிந்தது. பிறந்த தேதி, பெற்றோர் பெயர், தொலைபேசி எண், குடும்ப விவரம் எல்லாம் அதில் இருந்தன.

அவன் வகுப்பில் ஒரு பெண். தன் அப்பா சிங்கப்பூரில் வேலை செய்கிறார் என்று தோழிகளிடம் சொல்லி வைத்திருந்தாள். அன்று இடைவேளையில் அந்த மாணவன் எல்லோர் முன்னாலும் அவளைப் பார்த்து, "உங்க அப்பா செத்துட்டாராமே, ஏன் பொய் சொன்னே?" என்று கேட்டிருக்கிறான்.

அவள் இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் அவள் அம்மா வந்தார். சண்டை போடவில்லை. "சிங்கப்பூர்ல இருக்காருன்னு சொல்லிட்டுத் திரியுறான்னு எனக்கும் தெரியும் டீச்சர். நான் தடுக்கல. அவளுக்கு அது ஒரு ஆறுதலா இருந்துச்சு" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அந்த மாணவனை அழைத்து விசாரித்தேன். அவன் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனவள் நான். தலைமை ஆசிரியரிடமும் அந்தத் தாயிடமும் அதைச் சொன்னேன். அந்தப் பெண்ணிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது.

கடவுச்சொல் நம்முடையது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சாவி மட்டும்தான் நம்முடையது. பெட்டிக்குள் இருப்பவை பிள்ளைகளின் வாழ்க்கை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என்று வரையறுத்து, அவர்களின் தரவுகளைக் கையாளக் கூடுதல் கட்டுப்பாடுகளை வைத்திருக்கிறது.

இந்த நிகழ்ச்சிக்குப் பிறகு நான் ஒரு மாணவியைப் போல உட்கார்ந்து இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததையும் செய்து பார்த்ததையும் இங்கே பகிர்கிறேன்.

கடவுச்சொல் எங்கிருந்து வந்தது?

கணினிக்குக் கடவுச்சொல் வந்தது 1960-களின் தொடக்கத்தில். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ என்ற விஞ்ஞானியும் அவர் குழுவினரும், ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்து பயன்படுத்தும் ஓர் அமைப்பை உருவாக்கினார்கள். ஒருவருடைய கோப்பை இன்னொருவர் திறந்துவிடக் கூடாது. ஆகவே ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுத்தார்கள்.

அது வந்த வேகத்திலேயே ஓட்டையும் விழுந்தது. 1962-இல் அங்கே ஆய்வு செய்துகொண்டிருந்த ஆலன் ஷெர் என்பவருக்கு, கணினியில் தமக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதவில்லை. எல்லோருடைய கடவுச்சொற்களும் இருந்த கோப்பை அச்சிட்டுத் தரும்படி கணினிக்கே கட்டளை கொடுத்து வாங்கிவிட்டார். 1966-இல் அதே அமைப்பில் ஒரு தவறு நடந்தது. உள்ளே நுழைபவர்களுக்குக் காட்ட வேண்டிய அறிவிப்புக் கோப்பும் கடவுச்சொல் கோப்பும் இடம் மாறிவிட்டன. அன்று உள்ளே நுழைந்தவர்களின் முன்னால் எல்லோருடைய கடவுச்சொல்லும் வந்து நின்றன. இரண்டு நிகழ்ச்சிகளிலும் கடவுச்சொல்லை யாரும் ஊகித்துக் கண்டுபிடிக்கவில்லை. அது வைக்கப்பட்டிருந்த இடம்தான் காட்டிக் கொடுத்தது. எங்கள் ஆய்வகத்தில் நடந்ததும் அதேதான்.

பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறியீடு ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றம் என்று நம்மைப் படுத்தும் விதிகள் எங்கிருந்து வந்தன என்றும் தேடினேன். அமெரிக்காவின் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனத்தில் பணியாற்றிய பில் பர் என்பவர் 2003-இல் எழுதிய வழிகாட்டுதலிலிருந்து இவை உலகெங்கும் பரவின. 2017-இல் அவரே ஒரு நாளிதழிடம் பேசும்போது, தாம் அப்போது சொன்னவற்றில் பலவற்றுக்காக இப்போது வருந்துவதாகச் சொன்னார். அதே ஆண்டில் அந்த நிறுவனம் தன் வழிகாட்டுதலைத் திருத்தியது. கசிந்துவிட்டது என்று தெரிந்தால் ஒழியக் கடவுச்சொல்லை அடிக்கடி மாற்றச் சொல்ல வேண்டாம், எழுத்துக் கலவையைவிட நீளமே முக்கியம், கடவுச்சொல்லை நகலெடுத்து ஒட்டவும் பெட்டகச் செயலிகளைப் பயன்படுத்தவும் தடை போட வேண்டாம் என்று அது சொல்கிறது.

காரணம் எளிது. மாற்று, மாற்று என்று நெருக்கினால் மனிதர்கள் என்னைப் போலத்தான் செய்வார்கள். கடைசியில் 1, பிறகு 2. இது திருடர்களுக்கும் தெரியும். பல தளங்கள் இன்னும் பழைய விதிகளை வைத்திருக்கின்றன. அவற்றுக்கு நாம் கட்டுப்பட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் அந்த விதிகளை நிறைவேற்றியதாலேயே நம் கடவுச்சொல் வலுவாகிவிடாது.

நீளம் ஏன் முக்கியம்? ஒரு சிறிய கணக்கு

நான் கணித ஆசிரியர். ஆகவே எட்டாம் வகுப்பில் அடுக்குகள் பாடம் நடத்தும்போது இதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டேன். ஒரு கணினி நொடிக்கு 100 கோடி கடவுச்சொற்களைப் போட்டுப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

ஆங்கிலச் சிறிய எழுத்துகள் 26. எட்டு எழுத்துக் கடவுச்சொல் என்றால் 26-ஐ எட்டு முறை பெருக்க வேண்டும். ஏறக்குறைய 20,882 கோடி வாய்ப்புகள் வரும். கேட்க மலைப்பாக இருக்கிறது. ஆனால் அந்தக் கணினிக்கு மூன்றரை நிமிட வேலை.

பெரிய எழுத்து, எண், குறியீடு எல்லாம் சேர்த்தால் விசைப்பலகையில் 94 எழுத்துருக்கள். 94-இன் எட்டாம் அடுக்கை முழுவதும் முயல சுமார் 70 நாள் ஆகும். குறியீடுகளே இல்லாமல், வெறும் சிறிய எழுத்துகளில் 12 எழுத்து வைத்தால் சுமார் மூன்று ஆண்டுகள். 16 எழுத்து வைத்தால் 13 லட்சம் ஆண்டுகளுக்கும் மேல். பிள்ளைகள் இந்த விடையைக் கண்டதும் கணக்கைத் தவறாகப் போட்டுவிட்டோமோ என்று மறுபடியும் பெருக்கிப் பார்த்தார்கள்.

இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. எழுத்துகள் எந்த ஒழுங்கும் இல்லாமல், குலுக்கிப் போட்டதுபோல் அமைய வேண்டும். மகன் பெயரும் பிறந்த ஆண்டும் 12 எழுத்து வந்தாலும் அது மூன்று ஆண்டு தாங்காது. திருடர்கள் முதலில் முயல்வதே பெயர்களையும் ஆண்டுகளையும், ஏற்கெனவே கசிந்த கடவுச்சொற்களையும்தான்.

குலுக்கிப் போட்டதை எப்படி நினைவில் வைப்பது? ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் என்பவர் 1995-இல் ஓர் எளிய வழி சொன்னார். 7,776 சொற்களுக்கு எண்ணிட்ட ஒரு பட்டியல். பகடையை ஐந்து முறை உருட்டினால் ஒரு சொல் கிடைக்கும். ஆறின் ஐந்தாம் அடுக்கு 7,776 என்பதால் அந்த எண்ணிக்கை. இப்படி நான்கு சொற்களை எடுத்தால், நம் கணினிக்கு 42 நாள் வேலை. ஐந்தாவதாக ஒரு சொல்லைச் சேர்த்தால் 900 ஆண்டுகள். முருங்கை, ஏணி, தபால், குதிரை, உப்பு என்று தொடர்பில்லாத ஐந்து சொற்களை ஆங்கில எழுத்தில் அடுத்தடுத்துத் தட்டினால் போதும். குதிரை ஏணியில் ஏறி முருங்கை பறிப்பதாக ஒரு கதையைக் கட்டிக்கொண்டால் மறக்கவும் மறக்காது. இங்கே அச்சாகிவிட்டதால் இந்த ஐந்தை மட்டும் யாரும் வைத்துக்கொள்ள வேண்டாம். சொற்களை மனம் போன போக்கில் நாமே தேர்ந்தெடுக்காமல், பகடையோ சீட்டுக் குலுக்கலோ தேர்ந்தெடுக்கட்டும். அதில்தான் வலு இருக்கிறது.

ஒரே சாவி, இருபது வீடு

என் பழைய முறையில் இருந்த பெரிய கேடு வேறு. 23 பூட்டுக்கு இரண்டே சாவி.

பொறுப்பான தளங்கள் நம் கடவுச்சொல்லை அப்படியே சேமித்து வைப்பதில்லை. அதை ஒரு கணித முறையால் அரைத்து, அந்த மாவை மட்டும் வைத்திருக்கும். அரிசியை மாவாக்கலாம், மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது. நாம் ஒவ்வொரு முறை கடவுச்சொல் போடும்போதும் அதை அரைத்து, இருக்கும் மாவோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கதவைத் திறக்கும்.

எல்லாத் தளங்களும் அவ்வளவு பொறுப்போடு இருப்பதில்லை. 2009-இல் ராக்யூ என்ற அமெரிக்க நிறுவனத்திலிருந்து 3 கோடியே 20 லட்சத்துக்கும் அதிகமான கடவுச்சொற்கள் திருடுபோயின. அவை அரிசியாகவே கிடந்தன. அவற்றில் மிக அதிகமானோர் வைத்திருந்தது 123456 என்பது அப்போது தெரிய வந்தது. இப்படிக் கசியும் பட்டியல்களைத் திருடர்கள் என்ன செய்கிறார்கள்? அதே மின்னஞ்சலையும் அதே கடவுச்சொல்லையும் வங்கியில், அஞ்சலில், மற்ற தளங்களில் எல்லாம் இயந்திரத்தை வைத்துப் போட்டுப் பார்க்கிறார்கள். எப்போதோ தள்ளுபடிக்காகக் கணக்குத் தொடங்கி மறந்துபோன ஒரு சிறு கடையின் தளம் கசிந்தால், அதே சாவி போட்ட பள்ளிக் கணக்கும் திறந்துகொள்ளும்.

ஆகவே கணக்குக்கு ஒரு கடவுச்சொல் வேண்டும். ஆனால் அத்தனையும் நினைவில் நிற்காது. இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் பாஸ்வேர்டு மேனேஜர் என்கிற கடவுச்சொல் பெட்டகம் வந்தது.

பெட்டகமும் அது தரும் எரிச்சல்களும்

பெட்டகம் என்பது ஒரு செயலி. நம் எல்லாக் கடவுச்சொற்களையும் மறையீடு செய்து பூட்டி வைக்கும். அதைத் திறக்கும் ஒரு முதன்மைக் கடவுச்சொல்லை மட்டும் நாம் நினைவில் வைத்தால் போதும். பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் கூகுளின் பெட்டகம் முன்பே இருக்கிறது. பிட்வார்டன், கீபாஸ் போன்றவற்றைக் கட்டணமின்றிப் பெறலாம். இவற்றில் ஒன்றுக்கு நான் மாறி ஓராண்டாகிறது. விளம்பரத்தில் சொல்வதுபோல் எல்லாம் எளிதாக இல்லை. நான் பட்ட எரிச்சல்களையும் கண்ட வழிகளையும் சொல்கிறேன்.

முதல் எரிச்சல், பழைய கடவுச்சொல்லையே அது நிரப்பிக்கொண்டிருந்தது. தளத்தில் மாற்றியதைப் பெட்டகத்தில் மாற்ற நான் மறந்ததுதான் காரணம். இப்போது பெட்டகத்தில் புதியதை எழுதிச் சேமித்த பிறகே தளத்தில் மாற்றுகிறேன்.

இரண்டாவது, ஒரே கணக்குக்கு மூன்று பதிவுகள். இணையதளத்துக்கு ஒன்று, செயலிக்கு ஒன்று, எப்போதோ தவறாகப் போட்டது ஒன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, வேலை செய்யாததை நீக்கினேன். வீட்டு அலமாரியை ஒழுங்கு செய்வது போன்ற வேலைதான். ஒருமுறை செய்தால் போதும்.

மூன்றாவது, கைப்பேசியின் பெட்டகமும் நான் போட்ட பெட்டகமும் போட்டி போட்டுக்கொண்டு சேமிக்கவா, சேமிக்கவா என்று கேட்டன. எது எதில் இருக்கிறது என்றே தெரியாமல் போயிற்று. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை அமைப்புகளில் போய் நிறுத்திவிட்டேன்.

நான்காவது, பெட்டகம் உருவாக்கித் தரும் கடவுச்சொல்லை வேறு கணினியில் கையால் தட்ட வேண்டி வரும்போது, அது சுழியமா ஓ எழுத்தா, ஒன்றா எல் எழுத்தா என்று கண் பிதுங்கும். கையால் தட்ட வேண்டிய கணக்குகளுக்கு மட்டும் ஐந்து சொல் முறைக்கு மாறிக்கொண்டேன்.

ஐந்தாவது எரிச்சலாக நினைத்தது உண்மையில் ஓர் உதவி. ஒருநாள் குறுஞ்செய்தியில் வந்த இணைப்பை அழுத்தினேன். நான் நன்கு அறிந்த தளம்போலவே இருந்தது. ஆனால் பெட்டகம் கடவுச்சொல்லை நிரப்ப மறுத்தது. கோபத்தோடு கையால் தட்டப் போனவள், முகவரியை ஒருமுறை பார்த்தேன். ஓர் எழுத்து மாறியிருந்தது. நம் கண் பக்கத்தின் தோற்றத்தைப் பார்க்கிறது. பெட்டகம் முகவரியைப் பார்க்கிறது. அது நிரப்ப மறுத்தால், தட்டுவதற்கு முன் முகவரியைப் படியுங்கள்.

கடைசியாக, பயம். பெட்டகமே திருடுபோனால்? அப்படியும் நடந்திருக்கிறது. 2022-இல் லாஸ்ட்பாஸ் என்ற நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் மறையீடு செய்யப்பட்ட பெட்டகங்களின் நகல்கள் திருடப்பட்டன. அத்தகைய நேரத்தில் நம்மைக் காப்பது முதன்மைக் கடவுச்சொல்லின் வலு மட்டுமே. ஆகவே அதை மட்டுமாவது ஐந்து சொல் முறையில் வையுங்கள். பிட்வார்டன், கீபாஸ் போன்றவற்றில் அதை மறந்தால் நிறுவனத்தாராலும் மீட்டுத் தர முடியாது. நான் அதை ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு பீரோவில் வைத்திருக்கிறேன். கணவருக்கு இடம் தெரியும்.

தாளிலா என்று கேட்கலாம். தூரத்தில் உட்கார்ந்து திருடுபவனால் என் பீரோவைத் திறக்க முடியாது. ஓய்வு பெறும் வயதில் இருக்கும் சக ஆசிரியர் ஒருவர், "எனக்கு இந்தச் செயலி எல்லாம் ஒத்துவராது டீச்சர்" என்றார். அவருக்கு ஒரு குறிப்பேடு வாங்கிக் கொடுத்தேன். கணக்குக்கு ஒரு கடவுச்சொல் வைத்து, அதில் எழுதி, வீட்டில் பூட்டி வைக்கிறார். எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல் வைப்பதைவிட அது எவ்வளவோ மேல். பள்ளி மேசைக் கண்ணாடியின் அடியிலும், ஆய்வகச் சுவரிலும், வாட்ஸ்அப் குழுவிலும் எழுதி வைப்பதுதான் கூடாது.

ஓய்வு பெற்றவரின் கைப்பேசிக்குப் போன ஓடிபி

கடவுச்சொல் ஒன்றை மட்டும் நம்பாமல், நம் கைப்பேசிக்கு ஓர் எண் வர வேண்டும் என்பது இரண்டாம் பூட்டு. நல்ல ஏற்பாடுதான். எங்கள் பள்ளியில் அது வேறு விதமாகச் சோதித்தது. பள்ளியின் ஒரு கணக்கில் முந்தைய தலைமை ஆசிரியரின் எண்ணே பதிவாகியிருந்தது. அவர் மே மாதம் ஓய்வு பெற்று மகள் வீட்டுக்குப் போய்விட்டார். கடைசி நாளன்று நாங்கள் அவரை அழைப்போம். "சார், ஒரு ஓடிபி வந்திருக்கும்" என்போம். அவரும் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்துச் சொல்வார். எண் காலாவதியாகிவிடும். மறுபடியும் அழைப்போம்.

சிரிப்பாகச் சொன்னாலும் இதில் ஒரு தீமை இருக்கிறது. இந்த எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அந்தச் செய்தியிலேயே எழுதியிருக்கும். அதைத் தொலைபேசியில் சொல்லிச் சொல்லியே நாம் பழகிக்கொள்கிறோம். நாளை ஒருவன், அலுவலகத்திலிருந்து பேசுகிறேன் என்று அழைத்தால், அதே பழக்கத்தில் சொல்லிவிடுவோம். பெற்றோரும் நம்மைப் பார்த்துத்தான் கற்கிறார்கள். பணம் பறிபோய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும் என்பதை அவர்களுக்கும் சொல்லி வைப்போம்.

தலைமை ஆசிரியர் மாறும்போது இருப்புப் பதிவேடு, ரொக்கப் பதிவேடு, அறைகளின் சாவிக்கொத்து எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்து, கையொப்பமிட்டு ஒப்படைக்கிறோம். இணையக் கணக்குகளை மட்டும் ஒப்படைப்பதில்லை. இப்போது எங்கள் பள்ளியின் ஒப்படைப்புப் பட்டியலில் ஒரு பக்கம் கூடியிருக்கிறது. எந்தெந்தக் கணக்கு, எந்த எண், எந்த மின்னஞ்சல் என்று அதில் எழுதுகிறோம். பொறுப்பேற்பவர் முன்னிலையிலேயே எண் மாற்றப்பட்டு, கடவுச்சொல்லும் மாற்றப்பட வேண்டும். பிறகுதான் கையொப்பம்.

எங்கள் பள்ளியில் இப்போது

பெரிய திட்டம் எதுவும் இல்லை. ஒரு மதிய உணவு இடைவேளையில் எல்லோரும் உட்கார்ந்து சில பழக்கங்களை முடிவு செய்தோம்.

ஆய்வகக் கணினிகளின் உலாவிகளில் சேமித்திருந்த கடவுச்சொற்கள் அனைத்தையும் நீக்கினோம். சேமிக்கவா என்று கேட்கும் வசதியையே நிறுத்தினோம். பொதுக் கணினியில் ஆசிரியர்கள் தம் கணக்கைத் திறக்க நேர்ந்தால் உலாவியின் விருந்தினர் சாளரத்தில்தான் திறக்க வேண்டும். வேலை முடிந்ததும் வெளியேறு என்பதை அழுத்தி, சாளரத்தையும் மூட வேண்டும். மணி அடித்தாலும் அதன் பிறகே வகுப்புக்குப் போக வேண்டும்.

மின்னஞ்சல் கணக்கை முதலில் பாதுகாத்தோம். மற்ற கணக்குகளின் கடவுச்சொல்லை மீட்கும் வழி பெரும்பாலும் மின்னஞ்சல் வழியாகவே வருவதால், அது வீட்டின் தலைவாசல். அதற்கு நீண்ட கடவுச்சொல்லும் இரண்டாம் பூட்டும் போட்டோம். கைப்பேசி தொலைந்தால் பயன்படும் மீட்புக் குறியீடுகளையும் தாளில் எடுத்து வீட்டில் வைத்துக்கொண்டோம்.

கைக்கணினியோ கைப்பேசியோ எதுவானாலும் திரைப்பூட்டு இல்லாமல் வகுப்பறை மேசையில் வைப்பதில்லை. பிள்ளையிடம் கொடுத்து, "இதுல பதிவு போடுப்பா" என்று சொல்வதும் இல்லை. இந்தக் கடைசிப் பழக்கத்தை விடுவதுதான் எல்லோருக்கும் சிரமமாக இருந்தது. கணினியில் நம்மைவிடக் கைதேர்ந்த பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள் அல்லவா!

நீங்கள் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். இன்று மின்னஞ்சல். இந்த வாரத்துக்குள் பிள்ளைகளின் விவரம் உள்ள கணக்கு. பிறகு வங்கி. மீதியை நேரம் கிடைக்கும்போது ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ளலாம். என் 23 கணக்குகளையும் முடிக்க எனக்கு மூன்று மாதம் ஆயிற்று.

அந்த மாணவி இப்போது ஒன்பதாம் வகுப்பு. அடுக்குகள் பாடத்தில் 26-ஐ எட்டு முறை பெருக்கி முதலில் விடை சொன்னவள் அவள்தான். சென்ற மாதம் ஆய்வகத்தில் நான் என் கணக்கை மூடிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள். திரையைப் பார்த்துவிட்டு, "வெளியேறு அமுக்கிட்டீங்களா டீச்சர்?" என்று கேட்டாள்.

அமுக்கிவிட்டேன் என்று திரையைக் காட்டினேன். பார்த்துவிட்டுப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.